பைலட்டுக்கு ஒரு "பைலட்"

எனக்கும் ஆகாய விமானத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் சொற்பம். அது வானத்தில் பறந்து செல்லும்போது நான் கரும்பலகையின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அவர்களோடு நானும் திரும்புவேன். அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் விமானி கையில் வைத்துக் கொள்ளவேண்டிய கருவியைப் பற்றி எழுதத் துணிந்தால், "வாத்தியாருக்கு இந்த வாரம் வேறு விஷயம் அகப்படவில்லை போலும்!" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். தாராளமாக நகைக்கட்டும். ஆனால் கட்டுரையைக் கடைசி வரையில் படித்துவிட்டு நகைக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.

என் அத்தை மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக எஞ்சினியராக இருக்கிறார். 2002-ஆம் வருஷத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. நம்மவர்களுக்கு ஆசை பிறந்தால் வீடு கட்டுவார்கள், அல்லது பெண்ணுக்கு நகை செய்வார்கள். அத்தான் விமானம் ஓட்டக் கற்றுக் கொண்டார்! ஒற்றை எஞ்சின் வைத்த சிறு விமானம். நாலு பேர் உட்காரலாம். இப்போது அவருடைய மகளும் அதே வித்தையைக் கற்கப் போகிறாள். விடுமுறைக்கு இருவரும் வந்திருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விவாதம் நடந்தது. கையோடு எடுத்துச் செல்லும் கருவி எதை வாங்குவது என்பதுதான் விவாதம். அப்போது அத்தான் தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய கருவியை எடுத்து நடுவில் வைத்தார். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறத் திரை, பக்கத்தில் சொருகி வைத்த சிறு குச்சி.

"இதுதான் என் முதல் குருநாதர்" என்றார்.

இந்த ஜாதிக் கருவியின் சரித்திரம் வேடிக்கையானது. 1993-ஆம் வருஷத்தில் ஆப்பிள் கம்பெனியார் "நியூட்டன்" என்று ஒரு கருவியை வெளியிட்டார்கள். எழுதினால் எழுத்தைப் படித்துவிடும் என்றார்கள். அது படித்த அழகைப் பார்த்து ஊரே சிரித்தது. மேலும் அது சட்டைப் பையில் அடங்கவில்லை. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் வேறு வழியில் போனார். கருவி செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடினாராம். யாராவது அவரைச் சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை எடுத்து அதன்மேல் குச்சியால் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம்! இப்படி மரக்கட்டையிடம் பாடம் கேட்ட பிறகு, 1996-ஆம் வருஷத்தில் அவருடைய "பாம்" கம்பெனி நிஜக் கருவியை வெளியிட்டது. எடை சுமார் 160 கிராம். இரண்டு சிறிய பாட்டரிகளில் வாரக் கணக்கில் ஓடியது. மனிதன் எழுதும் எழுத்தையெல்லாம் படிக்க முயலாமல், தனக்கு எளிதான ஒரு எழுத்துமுறையை மனிதனைக் கற்றுக்கொள்ளச் செய்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? "பைலட்"!

பைலட் என்ற பெயரில் பேனா விற்கும் கம்பெனியார் வழக்குக்கு வரவே, 1998-ஆம் வருஷத்தில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. பேனாவுக்குப் பதிலாக வந்த யந்திரத்தைப் பேனாவே தோற்கடித்தது! ஆனால் விமானிகள் அந்தக் கருவியைக் கைவிடவில்லை. எரிபொருள் கணக்கு, எடைக் கணக்கு, பறந்த நேரத்தின் குறிப்பு, வானிலை அறிக்கை, ரேடியோ அலைவரிசைகள் ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிக்கொண்டார்கள்.

உண்மையில், விமானிக்குக் கையடக்கமான துணை வேண்டும் என்ற எண்ணம் அதற்கெல்லாம் முந்தியது. 1930-ஆம் வருஷத்தில் எல்ரே ஜெப்பெஸன் என்ற தபால் விமானி பத்து சென்ட் கொடுத்துக் கறுப்பு அட்டைப் போட்ட ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கினார். அக்காலத்தில் விமானிகளுக்கென்று நல்ல படங்கள் கிடையா. சாலைப் படத்தையும் ரயில் தண்டவாளத்தையும் நம்பிப் பறந்தார்கள். பலர் மலையில் மோதி மாண்டார்கள். ஜெப்பெஸன் தாம் இறங்கிய மைதானங்களின் நீளம், அருகிலிருந்த மலைகள், புகைபோக்கிகள் இவற்றின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வானிலை கேட்பதற்காக வழியிலிருந்த விவசாயிகளின் டெலிபோன் நம்பரைக்கூட எழுதி வைத்தார். மற்ற விமானிகள் பிரதி கேட்கவே பத்து டாலருக்கு விற்றார். 1934-இல் அதையே ஒரு கம்பெனியாக ஆக்கினார். "பைலட்" என்ற கருவி பிறந்த அதே 1996-ஆம் வருஷத்தில்தான் அந்தப் பெரியவர் காலமானார்.

இனி, அத்தான் கருவி வாங்கிய கதைக்கு வருவோம். அவர் கற்றுக்கொண்ட நாளில் சந்தையில் இரண்டு விதக் கருவிகள் இருந்தன. ஒன்று கறுப்பு வெள்ளைத் திரை, விலை மலிவு, பாட்டரி வாரக் கணக்கில் நிற்கும், ஆனால் கணக்கும் குறிப்பும் தவிர அதிகம் செய்யாது. மற்றொன்று வர்ணத் திரை. செயற்கைக் கோள்களின் சமிக்ஞையை வாங்கும் சிறு கருவி ஒன்றை அதனுடன் இணைத்துவிட்டால், தேசப்படத்தின் மேல் நம் விமானம் எறும்பு ஊர்வதுபோல் நகர்வதைக் காணலாம். ஆனால் விலை அதிகம். பாட்டரி சில மணி நேரந்தான்.

"எதை வாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"முதலில் புத்திசாலியாக இருந்தேன், கறுப்பு வெள்ளை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து வர்ணம் வாங்கினேன்" என்றார் அத்தான்.

அந்த வர்ணக் கருவியைத் தொடையில் வாரினால் கட்டிக்கொண்டு ஒரு கோடைப் பிற்பகலில் தனியாகப் பறந்தாராம். புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். திரை ஒரு முறை மங்கியது; பிறகு இருண்டது. கீழே பார்த்தால் எங்கும் ஒரே மாதிரி வயலும் வெட்டவெளியும். இருந்த இடம் தெரியவில்லை.

"பயந்துபோனீர்களா, அப்பா?" என்றாள் மகள். அவளுக்கே இந்தக் கதை புதிதாக இருந்தது.

"பயந்தேன். ஆனால் தொடையில் கருவிக்கு அடியில் ஒரு காகிதப் படம் இருந்தது. என் ஆசிரியர் ஒரு கிழவர். 'பென்ஸிலால் கோடு போடாதவனோடு நான் பறக்கமாட்டேன்' என்பார். அவருக்குப் பயந்து அன்றும் கோடு போட்டிருந்தேன். பத்துப் பத்துக் கடல் மைலுக்கு ஒரு குறி. கடந்த நேரம் பக்கத்தில். கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டேன். 'இன்னும் ஏழு நிமிஷத்தில் ஒரு ரயில் பாதை வரவேண்டும்' என்று கிடைத்தது. எட்டாவது நிமிஷத்தில் வந்தது. பாதையோடு போனேன். ஓர் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அந்தப் பக்கத்தில் தொட்டியின்மேல் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பார்கள். வாசித்தேன். அவ்வளவுதான்."

கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து கருவியைப் பாட்டரி ஏற்றாமல் மேஜையில் போட்டுவிட்டு ஒரு வாரம் மறந்துவிட்டாராம். அக்காலத்துக் கருவிகள் பலவற்றில் ஞாபக சக்தி மின்சாரத்தையே நம்பியிருந்தது. பாட்டரி அடியோடு தீர்ந்தால் ஞாபகமும் தீர்ந்தது. எடுத்துப் பார்த்தபோது அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. பிறந்த குழந்தையின் மனம்போல் வெறுமையாக இருந்ததாம்! பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கருவி அதுவல்ல. மலிவான பழைய கறுப்பு வெள்ளைதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அதெல்லாம் பழங்கதை, மாமா. இப்போது பலகைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பாட்டரி தீர்ந்தாலும் ஞாபகம் போகாது. வேகம், தூரம், காற்று எல்லாவற்றையும் அதுவே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும்."

அவள் சொன்னது பொய்யல்ல. பாம் கருவிகளின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் கம்பெனியை 2010-இல் ஹ்யூலெட்-பாக்கார்ட் கம்பெனியார் வாங்கி, மறு வருஷமே அந்தக் கருவிகளை நிறுத்திவிட்டார்கள். அதே 2010-இல் வந்த ஐபேட், விமானிகளின் தொடைமேல் ஏறிக்கொண்டது. பெரிய விமானங்களின் பைலட்டுகள் சுமந்துகொண்டிருந்த படங்களும் புத்தகங்களும் நிறைந்த பையின் எடை சுமார் 16 கிலோ. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் 2013-ஆம் வருஷத்துக்குள் அந்தப் பையை அகற்றி, அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பலகையைக் கொடுத்துவிட்டார்கள். எடை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று, விமானிகளின் தோளும் பிழைத்தது. ஆனால் 2015 ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், அந்தப் பலகைகளில் ஒரு விமான நிலையத்தின் படம் தவறாக இருமுறை இடம்பெற்றுவிட்டது. அதனால் மென்பொருள் நின்றுபோயிற்று. பல டஜன் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் ஓடுபாதைக்குப் போகும் வழியிலிருந்து திரும்பி வந்தன. நல்ல வேளையாக எல்லாம் தரையிலேயே நடந்தது.

நான் அவளிடம் வாதாடவில்லை. வாத்தியார் குணம் எங்கே போகும்? உள்ளே போய் ஒரு சிலேட்டை எடுத்து வந்தேன்.

"240 கடல் மைல் போகவேண்டும். காற்றில்லாவிட்டால் உன் விமானம் மணிக்கு 100 கடல் மைல் போகும். மணிக்கு 8 காலன் பெட்ரோல் குடிக்கும். எவ்வளவு வேண்டும்?"

"இரண்டு மணி இருபத்து நாலு நிமிஷம். 19.2 காலன்." பெண் கெட்டிக்காரி.

"சேமிப்பு?"

"பகல் நேரத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பதானால், போய்ச் சேர்ந்த பிறகும் அரை மணிக்கு மிச்சம் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இன்னும் 4 காலன். ஆக 23.2 காலன்."

"சரி, அவ்வளவுதான் நிரப்பிக்கொண்டு புறப்பட்டாய். வழியில் 20 மைல் வேகத்தில் எதிர்காற்று அடிக்கிறது. அதைக் கருவியிடம் சொல்ல மறந்துவிட்டாய். இப்போது?"

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். தரைமேல் வேகம் 80. இருநூற்று நாற்பதை எண்பதால் வகுத்தால் மூன்று மணி. மூன்று மணிக்கு 24 காலன். கைவசம் இருப்பதோ 23.2. அது இரண்டு மணி ஐம்பத்து நாலு நிமிஷத்துக்குத்தான் வரும்.

"ஆறு நிமிஷம் குறைகிறது" என்றாள் மெதுவாக. திண்ணையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சாலையில் ஆறு நிமிஷம் குறைந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் அது நடவாது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிற்று. கேட்கவேண்டியதைக் கேட்காதது மனிதனுடைய குற்றம்.

இது வாத்தியாரின் கற்பனைக் கணக்கு என்று யாரும் எண்ணவேண்டாம். 1983-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி கனடா தேசத்தில் இது நிஜமாகவே நடந்தது. ஏர் கனடா கம்பெனியின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குக் கிளம்பிற்று. எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. ஆகையால் குச்சி விட்டு அளந்து, லிட்டரைக் கிலோவாக மாற்றிக் கணக்குப் போட்டார்கள். கனடா அப்போதுதான் பழைய அளவைகளை விட்டு மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ என்று போடுவதற்குப் பதில், பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணைப் போட்டுவிட்டார்கள். வேண்டியது 22,300 கிலோ. உள்ளே இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் விமானத்தின் கம்ப்யூட்டரில் 22,300 என்றே கையால் பதிந்தார்கள். அதுவும் சமர்த்தாக 22,300 என்று நம்பி, அதிலிருந்து கழித்துக் கழித்துக் காட்டிக்கொண்டே வந்தது. நடு வானத்தில் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன!

காப்டன் ராபர்ட் பியர்ஸன் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டல் முன்பு பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானத் தளம் அருகில் இருந்தது. அந்தப் பெரிய விமானத்தைக் காற்றாடிபோல் மிதக்கவிட்டு அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது கம்ப்யூட்டர் அல்ல. இரண்டு மனிதர்களின் பழக்கமும் ஞாபகமும்.

ஆகவே கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஜெப்பெஸனின் பத்து சென்ட் புத்தகத்தையும் அல்லவா வேண்டாம் என்று சொன்னதாகும்? கருவி வேண்டும். ஆனால் கடைக்காரன் காட்டுகிற வர்ணத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. அத்தான் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவத்தில் கண்ட பரீட்சைகளை, அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். விமானம் ஓட்டாத நேயர்களுக்கும் இவை வீண்போகமாட்டா.

முதலாவது, வெயில் பரீட்சை. கடையின் விளக்கொளியில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். நடுப்பகலில் வெளியே கொண்டுவந்து பார்க்கவேண்டும். அதுவும் பறக்கும்போது அணியும் கண்ணாடியோடு பார்க்கவேண்டும். கூச்சத்தைத் தடுக்கும் ஒருவிதக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சில திரைகள் ஒரு பக்கம் திருப்பியவுடன் முழுவதும் இருண்டுவிடும்.

இரண்டாவது, இருட்டுப் பரீட்சை. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. பளீரென்ற திரையை ஒரு கணம் பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். ஆகையால் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று இரவில் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, சூட்டுப் பரீட்சை. ஐபேட் 35 டிகிரி வரையிலான சூட்டில் இயங்குவதற்கென்றே செய்யப்பட்டது. கண்ணாடிக் கூட்டுக்குள் வெயில் அடிக்கும்போது அது சூடேறி, எச்சரிக்கை காட்டித் தானே நின்றுவிடக்கூடும். நிழலிலும் காற்றிலும் வைக்கத் தக்கதாக இருக்கவேண்டும்.

நான்காவது, தொடைப் பரீட்சை. கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விமானத்தின் கைப்பிடி தடையில்லாமல் திரும்பவேண்டும். இதனால்தான் பலர் சிறிய பலகையை விரும்புகிறார்கள். உறையில் காந்தம் இருந்தால் திசைகாட்டியின் அருகே கொண்டுபோகக் கூடாது.

ஐந்தாவது, தீனிப் பரீட்சை. குதிரை வாங்கினால் போதாது, கொள்ளும் வாங்கவேண்டும். விமானப் படங்களும் விவரங்களும் 28 நாள் வட்டத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. பழைய படம் பழைய பஞ்சாங்கம்போல; நாள் பார்க்க உதவாது. ஆகவே வருஷச் சந்தாவையும் சேர்த்தே விலையாகக் கணக்கிடவேண்டும். மேலும், ஐபேட்டில் டெலிபோன் அலை வாங்கும் வகைக்கே செயற்கைக் கோள் சமிக்ஞை வாங்கும் உறுப்பு உண்டு. மலிவென்று மற்றதை வாங்கினால் அதற்குத் தனியாக வேறொன்று வாங்கவேண்டும்.

ஆறாவதுதான் முக்கியமானது. வீட்டில் உட்கார்ந்து கணக்கெல்லாம் போட்டு, பயணத்தைப் பாதி வரை மனத்தில் நடத்தி, அந்த இடத்தில் கருவியை அணைத்துவிடவேண்டும். "இனி என்ன செய்வாய்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். பதில் வந்தால், எந்தக் கருவியை வாங்கினாலும் பாதகமில்லை. வராவிட்டால், எந்தக் கருவியும் போதாது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். சிறிய பலகையும், தனியாக ஒரு மின்சாரச் சேமிப்புப் பெட்டியும் வாங்கத் தீர்மானித்திருப்பதாகச் சொன்னாள். அவற்றோடு அட்டையில் செய்த ஒரு வட்டக் கணக்குக் கருவியும் வாங்குவாளாம். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்டன் என்பவர் 1930-களில் உண்டாக்கிய அமைப்பு அது. வட்டத்தைத் திருப்பினால் வேகம், நேரம், எரிபொருள், காற்றின் தள்ளல் எல்லாம் கிடைக்கும். டால்டன் 1941-இல் ஒரு விமான விபத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய வட்டம் இன்றும் மாணவ விமானிகளின் கையில் சுழல்கிறது. அதற்குப் பாட்டரி கிடையாது.

"மாமா, இன்னும் ஒரு கணக்குக் கொடுங்களேன்" என்றாள். ஊருக்குத் திரும்பும் வரையில் தினம் பத்துக் கணக்குக் கொடுத்தேன். காகிதமும் பென்ஸிலும் இல்லாமல், காப்பி ஆறுவதற்குள் விடை சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாள் நாலு தவறினாள். கடைசி நாளில் தவறவில்லை. காப்பிதான் இரண்டு நாள் ஆறிப்போயிற்று, அது என்னுடையது!

இப்போதெல்லாம் வகுப்பின்போது விமானச் சத்தம் கேட்டால், பிள்ளைகளோடு நானும் முன்போல் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். மனம் மட்டும் சும்மா இருப்பதில்லை. எதிர்காற்று எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறது.